ஓய்வுக்குப் பிறகு தர்ம டயாலிசிஸ் மையத்துக்குத் தலைவரா? பினாங்குக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரசாங்க வேலையில் முப்பது, முப்பத்தைந்து வருஷம் இருந்துவிட்டு 60 வயதில் வீட்டுக்கு வந்தவர்களை நம் ஊர்ச் சங்கங்கள் சும்மா விடுவதில்லை. அதிலும் ஃபைல் பிடிக்கத் தெரிந்தவர், மலாயில் ஒழுங்காகக் கடிதம் எழுதத் தெரிந்தவர், பென்ஷன் வருவதால் சம்பளம் கேட்காதவர் என்றால் கேட்கவே வேண்டாம். கோயில் கமிட்டியில் தொடங்கும், முன்னாள் மாணவர் சங்கம் வரும், ஒருநாள் யாராவது வந்து "ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்குத் தலைவர் வேண்டும், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும் சார்" என்பார்கள்.

உட்கார்ந்தால் போதாது. நானும் நில அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்று, பினாங்கில் சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ரத்தத்தைச் சுத்திகரிக்கும் ஒரு தர்ம டயாலிசிஸ் மையத்துக்குத் தலைவராகப் போனவன்தான். எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, எதற்கு எது முதலில் வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல் முதல் வருஷம் முழுக்க அலைந்தேன். அடுத்து வருகிறவருக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன். ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிற மையத்தை ஏற்கப் போகிறவர்களுக்கு மட்டும்தான் இது. புதிதாகத் தொடங்குவது வேறு கதை, அதற்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

1. 'சரி' சொல்வதற்கு முன் ஃபைலைக் கேளுங்கள்

எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் முதல் பதில் "காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பதாக இருக்கட்டும். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். கேட்க வேண்டியவை இவை:

- மையத்தை நடத்தும் சங்கத்தின் சட்டவிதி, கடைசியாக அங்கீகரிக்கப்பட்ட பிரதி
- கடந்த மூன்று வருஷத்து ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு, சங்கப் பதிவிலாகாவில் சமர்ப்பித்ததற்கான அத்தாட்சி
- சுகாதார அமைச்சு கொடுத்த லைசென்ஸ், அதன் காலாவதித் தேதி
- வருமான வரி வாரியத்தின் 44(6) கடிதம் (நன்கொடை கொடுப்பவருக்கு வரி விலக்குக் கிடைக்கச் செய்யும் அங்கீகாரம்)
- கட்டட வாடகை ஒப்பந்தம் அல்லது நிலப் பட்டா
- மெஷின் சப்ளையரோடு போட்ட ஒப்பந்தம் (இதைத்தான் எல்லோரும் மறைப்பார்கள், அல்லது தொலைத்திருப்பார்கள்)
- ஊழியர் பட்டியல், சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கட்டிய ரசீதுகள்

இதில் லைசென்ஸ்தான் உங்கள் கழுத்தைப் பிடிக்கக்கூடியது. தர்மத்துக்கு நடத்துகிறோம், லாபம் எடுப்பதில்லை என்றாலும் சட்டத்தின் கண்ணில் இது தனியார் மருத்துவ மையம்தான். 1998 ஆம் ஆண்டின் தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டம், அதாவது சட்டம் 586, 2006 மே மாதத்தில் இருந்து அமலில் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் சங்கத்துக்கு 500,000 ரிங்கிட் வரை அபராதம். அது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை, சங்கத்தின் பொறுப்பாளர்கள் தனிப்பட்ட முறையிலும் மாட்டுவார்கள்: 300,000 ரிங்கிட் வரை அபராதம், 6 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். "கௌரவத் தலைவர்தானே" என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் சங்கத்தில் பொறுப்பு வகிக்க முடியாது. மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டு மாட்டிய கதைகள் நம்மிடையே நிறைய உண்டு என்பதால், உங்கள் பெயரும் சரி, உங்களோடு வரும் செயலாளர், பொருளாளர் பெயரும் சரி, திவால் இலாகாவில் ஒரு தடவை தேடிப் பார்த்துவிடுவது நல்லது. சின்னக் கட்டணம்தான்.

2. பொதுக்கூட்டமும் 60 நாள் கணக்கும்

தலைவரைத் தேர்ந்தெடுப்பது பொதுக்கூட்டம். காப்பிக் கடையில் நாலு பேர் கூடிப் பேசி முடிவு செய்வதெல்லாம் செல்லாது. சட்டவிதியில் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள் கொடுத்தார்களா, கோரம் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) இருந்ததா, வருகைப் பட்டியலில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஓட்டை இருந்தால் பின்னாடி யாரோ ஒருவர் கடிதம் போட்டு உங்கள் தேர்வையே கேள்வி கேட்பார். அப்படிக் கடிதம் போடுகிறவர் இல்லாத சங்கம் மலேசியாவில் கிடையாது.

பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையும் புதுப் பொறுப்பாளர் பட்டியலும் சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். இப்போது எல்லாம் இரோசஸ் என்ற இணையத் தளத்தில்தான். இங்கே பெரும்பாலான சங்கங்கள் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. தளத்தில் நுழையும் கணக்கு பழைய செயலாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய கைப்பேசி எண்ணில் இருக்கும். அவர் மனஸ்தாபத்தோடு விலகியிருந்தால் ஃபோனை எடுக்கமாட்டார். ஆகவே பொதுக்கூட்டத்துக்கு முன்பே, எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே, செயலாளர் மாற்றத்துக்கு வேண்டியதை இலாகாவின் முகப்பில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டவிதியைத் திருத்தியிருந்தால் அந்தத் திருத்தம் பதிவாளர் ஒப்புதல் வந்த பிறகுதான் செல்லும். பொதுக்கூட்டத்தில் கை தூக்கி நிறைவேற்றிய மறுநாளே புது விதிப்படி நடக்க ஆரம்பிக்காதீர்கள்.

சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் இருந்தால் இதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டா சங்கத்தின் பெயரிலேயே இருந்தால், அதன் மேல் எந்தப் பத்திரம் போட்டாலும் பொறுப்பாளர்கள் மூன்று பேர் கையெழுத்திட வேண்டும், அந்த மூவர் இன்னார்தான் என்று பதிவாளர் சான்றிதழ் தர வேண்டும். பட்டா எப்போதோ இறந்துபோன அறங்காவலர்கள் பெயரில் இருந்தால் வக்கீல் செலவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். நில அலுவலக முகப்பின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன், இது வாரக்கணக்கில் முடிகிற காரியம் கிடையாது.

3. வங்கிக் கையெழுத்து மாற்றம்

எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது இதுதான். வங்கியின் பெயர் வேண்டாம், எல்லா வங்கியிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

வரிசை இது: பொதுக்கூட்டம், கூட்டக் குறிப்பு, பதிவிலாகாவில் பட்டியல் பதிவாகி அதன் அதிகாரப்பூர்வப் பிரதி, செயற்குழுத் தீர்மானம், அப்புறம்தான் வங்கி. நடுவில் ஒன்றைத் தாண்ட முடியாது. பதிவிலாகாவில் பழைய பட்டியலே நின்றால் வங்கியில் ஒரு அங்குலம் நகராது. முகப்பில் இருந்தவர் என் அடையாள அட்டையையும் பட்டியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்சிக் (ஐயா), உங்கள் பெயர் இதில் இல்லையே" என்று அமைதியாகத் திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் தப்பில்லை. எங்கள் மையத்தின் மாதச் சம்பளம் அந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தது என்பதுதான் பிரச்சனை.

வங்கிக்குக் கொண்டுபோக வேண்டியவை: கூட்டக் குறிப்பின் சான்றளித்த பிரதி, பொறுப்பாளர் பட்டியல், பதிவுச் சான்றிதழ், சட்டவிதி, வங்கியின் சொந்தப் படிவத்தில் தீர்மானம், கையெழுத்துப் போடுகிற எல்லோருடைய அடையாள அட்டை. எல்லோரும் நேரில் வர வேண்டும், ஒரே நாளில் வந்தால் நிம்மதி. தீர்மானத்தின் வாசகம் வங்கிப் படிவத்தில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும் என்பதால், செயற்குழுக் கூட்டத்துக்கு முன்பே படிவத்தை வாங்கி வந்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஒரே தீர்மானத்துக்காக இரண்டாவது கூட்டம் போடுவார்கள்.

மாற்றம் முடியும்வரை பழைய ஆட்களின் கையெழுத்துதான் செல்லும். அதனால் பழைய பொருளாளரைக் கொஞ்ச நாளைக்குக் கோபப்படுத்தாதீர்கள். அவர் மகளைப் பார்க்க ஆஸ்திரேலியா போகிறார் என்றால் கிளம்புவதற்கு முன் அந்த மாதச் சம்பளத்தையும் சப்ளையர் பணத்தையும் முடித்துவிடுங்கள்.

அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வெற்றுக் காசோலைப் புத்தகம் முழுக்கக் கையெழுத்து வாங்கி வைக்கிற பழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. போடாதீர்கள். இணைய வங்கிச் சேவையில் ஒருவர் பதிவு செய்து இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கும் முறை இருக்கிறது, அதற்கு மாறுங்கள். இரண்டு பேரின் கடவுச்சொல்லும் ஒரே குமாஸ்தாவிடம் இருந்தால் அதுவும் வெற்றுக் காசோலைதான்.

4. லைசென்ஸ்: காலண்டரில் சிவப்பு மையில் எழுதுங்கள்

சட்டம் 586இன் கீழ் லைசென்ஸ் 2 வருஷத்துக்கு. புதுப்பிக்கும் மனு காலாவதிக்கு 6 மாதம் முன்பே போக வேண்டும். அதாவது லைசென்ஸ் கிடைத்து ஒன்றரை வருஷத்திலேயே இந்த வேலை வந்துவிடும், 'இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு' என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மாநிலச் சுகாதார இலாகாவில் தனியார் மருத்துவக் கட்டுப்பாட்டுப் பிரிவு இருக்கிறது, ஊகாப்ஸ் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மனு, பரிசோதனை, கேள்வி எல்லாம் அவர்கள் வழியாகத்தான். பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே அங்கே போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள். அரசாங்க அலுவலகத்தில் எப்படிப் பேச வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பரிசோதனைக்கு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் காகிதம்தான்: பொறுப்பு மருத்துவரின் தகுதி, டாக்டர்கள், தாதியர், மருத்துவ உதவியாளர்கள் ஆகியோரின் அந்த வருஷத்துத் தொழில் சான்றிதழ், தண்ணீர்ப் பரிசோதனை முடிவு, மெஷின் பராமரிப்புப் பதிவேடு, புகார் செய்யும் முறை, கட்டணப் பட்டியல். மாநகர் மன்றத்தின் லைசென்ஸ், தீயணைப்பு இலாகாவின் காகிதம் இரண்டும் தனி. தீவில் என்றால் பினாங்குத் தீவு மாநகர் மன்றம், பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். மாற்றிப் போய் நிற்காதீர்கள்.

தொழில் சான்றிதழ்கள் வருஷத்துக்கு வருஷம் காலாவதியாகும். டிசம்பரில் எல்லோரும் லீவு மனநிலையில் இருப்பார்கள், ஜனவரியில் ஒரு தாதி சான்றிதழ் இல்லாமல் வேலை செய்துகொண்டிருப்பார். அக்டோபரிலேயே பட்டியல் எடுங்கள்.

அப்புறம் ஒரு பெரிய பொறி. கட்டடத்தில் சுவரை இடித்து அறையை நீட்டுவதற்கோ, அங்கீகரித்த எண்ணிக்கைக்கு மேல் மெஷின் போடுவதற்கோ முன் அனுமதி வேண்டும். ஒரு வள்ளல் வந்து "அப்பா நினைவாக இரண்டு மெஷின் தருகிறேன், அடுத்த மாதம் திறப்பு விழா, மந்திரியைக் கூப்பிடலாம்" என்பார். மந்திரி வந்து ரிப்பன் வெட்டுகிற மெஷினுக்கு அனுமதி இல்லை என்றால் அந்தப் புகைப்படமே உங்களுக்கு எதிரான சாட்சி. விழாத் தேதியை அனுமதிக் கடிதம் வந்த பிறகு குறியுங்கள்.

5. தண்ணீரைப் புரிந்துகொள்ளுங்கள்

மருத்துவ விஷயத்தில் தலைவர் மூக்கை நுழைக்கக் கூடாது. எந்த நோயாளிக்கு எத்தனை மணி நேரம், என்ன மருந்து என்பதெல்லாம் டாக்டர் வேலை. ஆனால் தண்ணீர் உங்கள் வேலை, ஏனென்றால் அதற்குப் பணம் ஒதுக்குவது செயற்குழு.

ஒரு நோயாளி 4 மணி நேரம் மெஷினில் இருக்கும்போது நிமிடத்துக்கு அரை லிட்டர் கணக்கில் சுத்திகரித்த தண்ணீர் ஓடுகிறது. ஒருவருக்கு 120 லிட்டர். 10 மெஷின், நாளைக்கு 3 ஷிப்ட் என்றால் 3,600 லிட்டர். சுத்திகரிப்பு இயந்திரம் உள்ளே வாங்கும் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கைக் கழிவாக வெளியே தள்ளும் என்பதால் தொட்டிக்குள் வர வேண்டியது இதைவிடக் கணிசமாக அதிகம்.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினும் குளோரமினும் நாம் குடித்தால் ஒன்றும் செய்யாது. டயாலிசிஸ் மெஷினில் போனால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும், ஆள் போய்விடலாம். அதைத் தடுப்பது கார்பன் வடிகட்டி. அது தேய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத் தெரியாது. அதனால்தான் காலை ஐந்தரை மணிக்கு, முதல் நோயாளி வருவதற்கு முன், தாதி வடிகட்டிக்குப் பின்னால் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து ஒரு கோப்பையில் தண்ணீர் பிடித்து, காகிதப் பட்டையை முக்கி, டப்பாவில் ஒட்டியிருக்கும் நிற வரிசையோடு வைத்துப் பார்ப்பார். லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின் ஓடும். ஒருநாள் அந்த நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள். பதிவேட்டில் ஒரு மாத எண்களும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தால் மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அரசாங்க வேலையில் இருந்தவருக்கு இதைக் கண்டுபிடிக்கக் கண்ணாடிகூட வேண்டாம்.

கார்பன் மாற்றுவதையும் ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனை செய்வதையும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று செயற்குழு தள்ளிப்போட்டால் நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள். எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள்.

தண்ணீர்த் தடையும் இருக்கிறது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றும் வேலைக்காகப் பினாங்கில் நாலைந்து நாள் பெரிய தடை வந்தது ஞாபகம் இருக்கும். வீட்டில் வாளியில் பிடித்து வைத்துச் சமாளித்தோம், டயாலிசிஸ் மையத்தில் வாளி உதவாது. உங்கள் தொட்டி எத்தனை ஷிப்டுக்குத் தாங்கும் என்ற எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வாரியத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, லாரித் தண்ணீர் கொடுப்பதில் உங்கள் மையத்துக்கு முன்னுரிமை கேளுங்கள். லாரி உள்ளே வர வழி இருக்கிறதா, குழாய் தொட்டிவரை எட்டுமா என்பதையும் பார்த்துவிடுங்கள். கடைவீட்டில் நடக்கும் மையங்களில் பின் சந்து லாரிக்கு இடம் கொடுக்காது.

6. பணம் எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது

ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு 3 தடவை, மாதத்துக்குச் சுமார் 13 தடவை டயாலிசிஸ். ஆயுள் முழுக்க, அல்லது மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும்வரை. ஒரு மெஷினில் நாளைக்கு 3 ஷிப்ட், வாரத்தில் 6 நாள் என்றால் 6 நோயாளிகளைத்தான் எடுக்க முடியும். 10 மெஷினுக்கு 60 பேர், அவ்வளவுதான். "ஒருத்தரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று எம்.எல்.ஏ. அலுவலகத்தில் இருந்து ஃபோன் வந்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பணம் தருகிற பக்கங்கள் பல. சொக்சோ உறுப்பினராக இருந்து தகுதி பெற்றவர்களுக்குச் சொக்சோ கட்டும். முஸ்லிம் நோயாளிகளுக்கு ஜக்காத் வாரியம் உதவும். நம்மைப் போன்ற அரசாங்க ஓய்வூதியர்களுக்கும் அவர்களைச் சார்ந்தவர்களுக்கும் ஜேபிஏ (பொதுச் சேவைத் துறை) வழியாகக் கிடைக்கும், அரசு மருத்துவமனை நிபுணரின் கையெழுத்து இல்லாமல் அந்த மனு நகராது. தகுதியுள்ள ஏழை நோயாளிகளுக்குத் தர்ம மையங்கள் வழியாகத் தடவைக்கு 50 ரிங்கிட் மானியம் தரும் திட்டம் சுகாதார அமைச்சிடம் இருக்கிறது. இந்த எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் ஒன்று: சிகிச்சை இன்றைக்கு, பணம் பிறகு. சப்ளையருக்கும் தாதிக்கும் அந்தப் 'பிறகு' புரியாது. ஆகவே குறைந்தது மூன்று மாதச் செலவைக் கையிருப்பில் வைக்காமல் புது நோயாளி எடுக்காதீர்கள்.

புது நோயாளி சேரும் நாளிலேயே எந்தப் பக்கம் பணம் கட்டும் என்று முடிவாக வேண்டும். பல பேர் சொக்சோ தகுதி இருந்தும் மனுப் போடாமல் தர்மக் கணக்கில் இருப்பார்கள். நோயாளியின் குடும்பத்தோடு உட்கார்ந்து படிவம் நிரப்ப ஒரு தொண்டரை வையுங்கள். எஸ்டேட்டில் வேலை செய்து வெளியே வந்த வயதானவர்களிடம் பழைய சம்பளச் சீட்டு இருக்காது, சேமநிதி அறிக்கையை வைத்து முதலாளி பெயரைத் தேட வேண்டியிருக்கும்.

நன்கொடைக்கு வருவோம். 44(6) அங்கீகாரம் இருந்தால், கொடுக்கிறவர் தன் மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை வரி விலக்குப் பெறலாம். பணமாகக் கொடுத்தால் மட்டும். அரிசி, நாற்காலி, மெஷின் எல்லாம் இதில் வராது, அதற்கு வரி விலக்கு ரசீது எழுதிக் கொடுக்கச் சொல்லி நெருக்குவார்கள், முடியாது என்று சொல்லிவிடுங்கள். இந்த அங்கீகாரத்துக்கும் காலக் கெடு உண்டு, தணிக்கைக் கணக்கு தாமதமானால் புதுப்பிப்பும் தாமதமாகும், பெரிய நிறுவனங்கள் வருஷக் கடைசியில் கொடுக்கிற பணம் கைநழுவிப்போகும்.

தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியலோடு போவதற்குக் காவல் துறை லைசென்ஸ் வேண்டும், 1947 ஆம் ஆண்டுச் சட்டம் அது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் மேசை போட நினைக்கிறவர்கள் இதைக் கடைசி வாரத்தில் கேட்டுக்கொண்டு அலைவார்கள். "உங்களுக்காக வசூல் செய்து தருகிறோம், எங்களுக்கு இத்தனை விழுக்காடு" என்று வருகிற ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிகிச்சையில் படுத்திருக்கும் நோயாளியின் முகத்தைக் கேட்காமல் படம் எடுத்து நன்கொடை போஸ்டரில் போடுவதும் வேண்டாம். வேண்டுமென்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், மறுக்கிறவருக்குச் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

7. இலவச மெஷின் என்று ஒன்று கிடையாது

சப்ளையர் வருவார். "மெஷின் இலவசம், ரத்த வடிகட்டியும் குழாயும் எங்களிடமே இத்தனை வருஷம் வாங்கினால் போதும்" என்பார். பல மையங்கள் இப்படித்தான் நடக்கின்றன, தப்பும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் நாலு விஷயம் பாருங்கள்: மாதக் குறைந்தபட்ச கொள்முதல் எவ்வளவு, விலை ஏற்ற அவருக்கு உரிமை இருக்கிறதா, பழுது பார்க்க எத்தனை மணி நேரத்தில் வருவார், முடிவில் மெஷின் யாருக்குச் சொந்தம். நாலாவதுக்குப் பெரும்பாலும் பதிலே எழுதியிருக்காது.

மூன்று கொட்டேஷன் வாங்குங்கள், அரசாங்கத்தில் செய்ததுபோலவே. செயற்குழுவில் யாருக்காவது சப்ளையரோடு உறவோ தொழிலோ இருந்தால், அவர் அந்த விவாதத்தில் வெளியே இருந்தார் என்பது கூட்டக் குறிப்பில் வர வேண்டும். தனியார் மருத்துவமனை கழித்துக் கட்டிய பழைய மெஷினைத் தானமாக ஏற்பதற்கு முன், அது மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவான மாடலா, உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று உங்கள் டெக்னீஷியனிடம் எழுத்தில் வாங்குங்கள். ஹெபடைடிஸ் பி உள்ள நோயாளிகளுக்குத் தனி மெஷின் வைக்க வேண்டும் என்பதால், "ஒரு மெஷின் சும்மாதானே நிற்கிறது" என்று கணக்குப் போட்டுக் குறைக்கவும் கூடாது.

ஊசியும் ரத்தம் பட்ட குழாயும் சாதாரணக் குப்பை கிடையாது. சுற்றுச்சூழல் இலாகாவின் லைசென்ஸ் பெற்ற குத்தகையாளர்தான் எடுக்க வேண்டும், அவர் கொடுக்கும் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். கிலோ கணக்கில் காசு, பட்ஜெட்டில் போட மறக்காதீர்கள்.

8. ஆட்களும் அட்டவணையும்

அனுபவமுள்ள டயாலிசிஸ் தாதியைத் தனியார் மருத்துவமனை கூடுதல் சம்பளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். தர்ம மையம் என்பதற்காகக் குறைந்த சம்பளத்தில் இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். சேமநிதி, சொக்சோ எல்லாம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். 2025இல் இருந்து குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட், துப்புரவுப் பணியாளருக்கும் அதுதான்.

சிறுநீரகத்துக்குப் பண்டிகை தெரியாது. சீனப் புத்தாண்டு, ஹரிராயா, தீபாவளி எதுவானாலும் இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் நோயாளிக்கு மூச்சுத் திணறல் வந்து அவசரப் பிரிவில் போய் நிற்பார். மூன்று இனத்து ஊழியரும் இருந்தால் லீவைப் பகிர்வது சுலபம், ஒரே இனத்து ஆட்களாக எடுத்து வைத்தால் அந்தப் பண்டிகைக்கு மையம் தடுமாறும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் நோயாளிகள் ஷிப்ட் மாற்றம் கேட்பார்கள், ஒரு மாதம் முன்பே பேசிவிடுங்கள். தைப்பூசத்துக்கு ரதங்கள் தண்ணீர்மலைக்குப் போகிற பாதையிலும் அதைச் சுற்றியும் சாலைகளை மூடுவார்கள், அந்தப் பக்கத்து நோயாளிகளை விடிகாலை ஷிப்டுக்கு மாற்றுங்கள். பினாங்குப் பாலத்தைத் தாண்டித் தீவுக்கு வருகிறவர்களுக்கும் அன்றைக்கு அதே கதிதான்.

9. உங்கள் சொந்தச் செலவும் நேரமும்

'மாதத்துக்கு ஒரு கூட்டம்' என்று சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் வருஷம் வாரத்தில் இரண்டு மூன்று அரைநாள் போகும், அப்புறம் குறையும். பெட்ரோல், பார்க்கிங், கல்யாணக் கவர், சாவு வீட்டுக்கு மலர் வளையம் (நோயாளிகள் இறப்பார்கள், நீங்கள் போக வேண்டியிருக்கும்) எல்லாம் உங்கள் பையில் இருந்துதான். படி ஏதாவது எடுப்பதாக இருந்தால் சட்டவிதியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துப் பொதுக்கூட்டத்தில் சொல்லிவிட்டு எடுங்கள். வீட்டம்மாவிடம் முதலிலேயே பேசிவிடுங்கள், ஓய்வுக்குப் பிறகு சிதம்பரம், மதுரை என்று போட்ட பயணத் திட்டத்தை லைசென்ஸ் தேதிக்கு ஏற்ப நகர்த்த வேண்டி வரும்.

10. அடுத்த தலைவரை இப்போதே தேடுங்கள்

இரண்டாவது வருஷத்திலேயே ஒரு துணைத் தலைவரைக் கூடவே கூட்டிக்கொண்டு ஊகாப்ஸ், வங்கி, பதிவிலாகா எல்லாவற்றுக்கும் போங்கள். லைசென்ஸ், 44(6), வாடகை, சப்ளையர் ஒப்பந்தம், தொழில் சான்றிதழ் எல்லாவற்றின் காலாவதித் தேதியையும் ஒரே தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். மூலப் பத்திரங்கள் எந்த அலமாரியில், சாவி யாரிடம் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். சங்கத்துக்கென்று தனி மின்னஞ்சல், தனி கைப்பேசி எண் எடுத்து எல்லாத் தளங்களையும் அதற்கு மாற்றுங்கள்.

பதவி முடிந்து ஒப்படைக்கும் நாளில் பொருட்பட்டியலில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வங்கியில் உங்கள் பெயர் நீங்கும்வரை கைப்பேசியை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடாதீர்கள். ஊழியர் வாட்சப் குழுவில் இருந்தும் அதற்குப் பிறகே வெளியேறுங்கள், மெஷின் பழுது, தண்ணீர் வரவில்லை என்ற செய்தி முதலில் வருவது அங்கேதான்.